மகளுக்கு ஆசை இயற்பியல், சொந்தக்காரங்க சொல்றது கம்ப்யூட்டர் சயின்ஸ்: காலேஜ் படிப்பு எதுக்குன்னு சொல்லுங்க

கப்பலூர் பட்டறை எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். கப்பலூர் தொழிற்பேட்டையில சின்னதா ஒரு லேத் பட்டறை வச்சிருக்கேன். ரெண்டு லேத்து, ஒரு மில்லிங், ஒரு ட்ரில்லிங். ஸ்பின்னிங் மில்லுகளுக்கு ஷாஃப்ட், புஷ், ரோலர் கடைஞ்சு கொடுக்குறதுதான் பொழப்பு. நான் படிச்சது புதூர் ஐ.டி.ஐ.யில டர்னர். எங்க வீட்டுல இதுவரைக்கும் யாரும் காலேஜ் வாசலை மிதிச்சதில்லை.

மகள் திருமங்கலத்துல அரசு உதவிபெறும் பள்ளியில தமிழ் வழியில பிளஸ் டூ முடிச்சிருக்கா. இன்ஜினியரிங் கட்ஆஃப் 200-க்கு 168 வருது. ஆனா அவ கேக்குறது பி.எஸ்சி. இயற்பியல். லீவு நாள்ல பட்டறைக்கு வந்து நிப்பா. வேகத்தைக் கூட்டினா டூல் முனை ஏன் நீலமாகுது, கூலண்ட் ஊத்துனதும் பினிஷிங் ஏன் மாறுது, பித்தளைத் துருவல் பொடியா உதிருறப்போ இரும்புத் துருவல் மட்டும் ஏன் சுருண்டு வருதுன்னு கேட்டுக்கிட்டே இருப்பா. எனக்குக் கை வேலை தெரியும், காரணம் முழுசாச் சொல்லத் தெரியாது. அதைச் சொல்லிக் கொடுக்குற இடம் காலேஜுன்னு அவ நம்புறா.

வீட்டுல பெரிய வாக்குவாதம். தாய்மாமன் ஒத்துக்கவே மாட்டேங்கிறார். இயற்பியல் படிச்சா மேல எம்.எஸ்சி., அதுக்கு மேல பி.எட். ரெண்டு வருஷம், அப்புறம் வாத்தியார் வேலைக்கு டெட், டி.ஆர்.பி.ன்னு பரீட்சை எழுதியே வயசு போயிரும், கம்ப்யூட்டர்ல போட்டா நாலே வருஷத்துல சம்பளம்ங்கிறார். இதுக்கு நடுவுல ஒரு தனியார் இன்ஜினியரிங் காலேஜ்லருந்து வீடு தேடி ஆள் வந்துட்டாங்க. கவுன்சிலிங்குக்கு ஏன் காத்துக் கிடக்கணும், மேனேஜ்மென்ட் கோட்டாவுல கம்ப்யூட்டர் சயின்ஸ் சீட்டு இப்பவே பிடிச்சிரலாம், ஒரிஜினல் சர்டிபிகேட்டைக் கொடுத்துட்டு முன்பணம் கட்டுங்கன்னு சொல்றாங்க. மீதிக்கு வங்கிக் கடன் அவங்களே ஏற்பாடு பண்ணித் தர்றாங்களாம்.

பணம் ஒரு பக்கம் இருக்கட்டும். எனக்கு வேற ஒரு கேள்வி மனசை அரிச்சுக்கிட்டே இருக்கு. போன வருஷம் மெக்கானிக்கல் இன்ஜினியரிங் முடிச்ச பையன் ஒருத்தன் வேலை கேட்டு வந்தான். மார்க் லிஸ்டெல்லாம் நல்லாத்தான் இருந்துச்சு. 25 மில்லி ஷாஃப்ட் ஒண்ணைக் கையில கொடுத்து, அளக்கச் சொல்லி வெர்னியர் காலிப்பரை நீட்டினேன். மெயின் ஸ்கேலைப் பார்த்து 25-ன்னான். கோடு எதுல சேருதுன்னு பாருப்பான்னேன். அவனுக்கு நான் கேக்குறது புரியலை. வெர்னியர் ஸ்கேல்ல நாலாவது கோடு சேர்ந்து நிக்குது. லீஸ்ட் கவுண்ட், அதாவது ஒரு கோட்டுக்கு 0.02 மில்லி, அப்போ 25.08. அந்த ஷாஃப்ட் 25 மில்லி பேரிங்குக்குள்ள போகவே போகாது. நாலு வருஷம் படிச்ச பையனுக்கு இது தெரியலை. கேட்டா, லேப்ல கருவி மொத்தமே ரெண்டுதான், முன்னாடி நிக்குற ரெண்டு பேர் அளப்பாங்க, மத்தவங்க பார்த்து எழுதிக்குவோம்னான்.

பையன் மக்கு கிடையாது. எங்ககிட்ட நின்னு சில மாசத்துலயே வேலை பிடிச்சுக்கிட்டான், இப்போ டிராயிங் பார்த்து ஜாப் போடுறான். ஆனா அவங்க அப்பா காட்டை வித்துப் படிக்க வச்சிருக்கார். அந்த நாலு வருஷமும் அந்தக் காடும் எங்க போச்சு? என் பட்டறையில கத்துக்கக்கூடியதைக் கத்துக்க அவனுக்கு டிகிரி எதுக்கு? அப்போ காலேஜ் உண்மையிலேயே எதைத் தரணும்?

அதனாலதான் கேக்குறேன். வேலைக்காகன்னா எந்தப் படிப்பு, அறிவுக்காகன்னா அது நம்மள மாதிரி குடும்பத்துக்குக் கட்டுபடியாகுமா? படிச்சவங்க, சொல்லிக் கொடுக்குறவங்க மனசுல உள்ளதைச் சொல்லுங்க.

---

உசிலம்பட்டிக்காரி, இப்போ சிறுசேரி எழுதியது:

அண்ணே, நான் உசிலம்பட்டிக்கு மேற்கே ஒரு கிராமம். எலக்ட்ரானிக்ஸ் இன்ஜினியரிங் முடிச்சுட்டு சென்னையில சாஃப்ட்வேர் டெஸ்டிங் வேலை பார்க்குறேன். உங்களை மாதிரி எங்க வீட்டுலயும் நான்தான் முதல் பட்டதாரி.

முதல்ல அவசரமானதைச் சொல்லிடுறேன். மேனேஜ்மென்ட் கோட்டாவுக்குப் பணம் கட்டாதீங்க. முதல் பட்டதாரிக்கு அரசு கொடுக்குற கல்விக் கட்டணச் சலுகை 2010-லருந்து இருக்கு. ஆனா அது கவுன்சிலிங் மூலமா சேர்ந்தாத்தான் கிடைக்கும். வீட்டுக்கு வந்த ஆள் இதைச் சொல்லியிருக்க மாட்டார். 168 கட்ஆஃப்புக்கு கவுன்சிலிங்லயே மதுரைச் சுத்துவட்டாரத்துல இடம் கிடைக்க வாய்ப்பிருக்கு. இ-சேவை மையத்துல முதல் பட்டதாரிச் சான்றிதழுக்கு இன்னைக்கே போட்டு வைங்க. இன்னொண்ணு, அரசு உதவிபெறும் பள்ளியில தமிழ் வழியில படிச்ச பொண்ணுங்களுக்கும் 2024–25-லருந்து புதுமைப் பெண் திட்டத்துல மாசம் 1,000 ரூபாய் வருது. இயற்பியல் படிச்சாலும் வரும், இன்ஜினியரிங் படிச்சாலும் வரும்.

இப்போ உங்க பெரிய கேள்வி. நீங்க கோவிச்சுக்கக் கூடாது, பிடிச்சதைப் படிக்கட்டும்னு யாராவது சொன்னா எனக்குப் பயமா இருக்கும். எனக்கும் பிடிச்ச பாடம் இருந்துச்சு, தாவரவியல். அதை எடுத்திருந்தா என்ன ஆகியிருப்பேன்னு எனக்குத் தெரியாது. எடுத்தது எலக்ட்ரானிக்ஸ், பார்க்குறது டெஸ்டிங். நாலு வருஷம் படிச்ச பாடத்துல எதையும் வேலையில நான் தொட்டதே இல்லை. ஆனாலும் அந்த டிகிரி இல்லாம அந்த கம்பெனி கேட்டுக்குள்ள என்னை விட்டிருக்க மாட்டாங்க. என் முதல் வருஷச் சம்பளத்துல எங்க வீட்டு ஓட்டுக்கூரை மாறி மேல கான்கிரீட் வந்துச்சு. என் கூடப் படிச்ச பொண்ணுங்கள்ல பாதிப் பேருக்குப் பிளஸ் டூ முடிச்ச கையோட கல்யாணம். எனக்கும் மாப்பிள்ளை பார்த்தாங்க. பரீட்சை இருக்கு, பரீட்சை இருக்குன்னு சொல்லிச் சொல்லியே தள்ளிப் போட்டேன். காலேஜ் எனக்குத் தந்தது அந்த நாலு வருஷ அவகாசம். அந்த அவகாசத்துலதான் தனியா பஸ் ஏறி, ஆபீஸ்ல போய் நின்னு, எனக்கு வேணுங்கிறதை வாய் திறந்து கேக்கக் கத்துக்கிட்டேன். இது எந்த சிலபஸ்லயும் கிடையாது. ஆனா எங்க ஊர்ப் பொண்ணுங்களுக்குக் காலேஜோட முதல் பயனே இதுதான்னு நான் நினைக்கிறேன்.

வேலை வாய்ப்புப் பலகையை நம்பாதீங்க. எங்க காலேஜ் வாசல்ல இத்தனை பேருக்கு வேலைன்னு பெரிய பேனர் வச்சாங்க. என் பேரும் அதுல இருந்துச்சு. அந்த கம்பெனி கடைசி வரைக்கும் சேரச் சொல்லிக் கூப்பிடவே இல்லை, நானா தேடித்தான் இப்போ இருக்குற வேலை கிடைச்சுது. அதனால காலேஜ்ல போய், போன வருஷம் எத்தனை பேர் வேலையில சேர்ந்தாங்க, கையில வாங்குற சம்பளம் எவ்வளவுன்னு கேளுங்க. ஆபீஸ்ல கேக்க வேண்டாம், முடிச்சுட்டுப் போன பசங்ககிட்ட கேளுங்க. இப்போ இன்னொரு சிக்கலும் இருக்கு. ஒரு பிரிவுல இத்தனை சீட்டுதான்னு இருந்த உச்சவரம்பை, இன்ஜினியரிங் காலேஜுகளுக்கு அனுமதி கொடுக்குற ஏ.ஐ.சி.டி.இ. 2024–25-லருந்து எடுத்துட்டாங்க. மெக்கானிக்கல், சிவில் சீட்டைக் குறைச்சுட்டுக் கம்ப்யூட்டர் சீட்டா ஏத்துறாங்க. சீட்டு ஏறின அளவுக்கு வாத்தியார் ஏறினாங்களான்னு பாருங்க.

என் ஓட்டு, கவுன்சிலிங்ல நல்ல காலேஜ் கிடைச்சா கம்ப்யூட்டர் சயின்ஸ்.

---

இயற்பியல் வாத்தியார் எழுதியது:

அண்ணே, மதுரை மாவட்டத்தில் ஓர் அரசு கலைக் கல்லூரியில் கௌரவ விரிவுரையாளராக இயற்பியல் நடத்துகிறேன். உங்கள் பதிவில் அந்தப் பையன் வெர்னியரைப் பார்த்து 25 என்று சொன்ன இடத்தில் எனக்கு வயிறு கலங்கியது. அவன் எங்களிடமிருந்து வந்தவனாகவும் இருக்கலாம்.

எங்கள் கல்லூரிக்கு வரும் பிள்ளைகளைப் பற்றி முதலில் சொல்கிறேன். பெரும்பாலும் முதல் தலைமுறை. விடிகாலையில் மாட்டுத்தாவணிப் பூ மார்க்கெட்டில் மூட்டை இறக்கிவிட்டு வகுப்புக்கு வருகிறவன் இருக்கிறான். மதியம் இரண்டு மணிக்குக் கல்லூரி விட்டதும் விளக்குத்தூண் பக்கம் ஜவுளிக்கடையில் நின்று இரவு பத்துக்கு வீடு போகும் பெண்கள் இருக்கிறார்கள். பள்ளியில் தமிழில் படித்த இயற்பியலை இங்கே ஒரே ஜூன் மாதத்தில் ஆங்கிலத்துக்கு மாற்றிக்கொள்ள வேண்டும். உந்தம் என்றால் என்னவென்று தெளிவாகத் தெரிந்த பிள்ளை, மொமெண்டம் என்று நான் சொன்னதும் தலையைக் குனிந்துகொள்கிறது. அதனால் நான் இரண்டு மொழியிலும்தான் நடத்துகிறேன்.

இவர்களைப் பார்த்து, கண்டவனெல்லாம் காலேஜுக்கு வந்ததால்தான் டிகிரிக்கு மதிப்புப் போய்விட்டது என்று சிலர் பேசும்போது எனக்குக் கோபம் வருகிறது. 2021–22 கணக்கெடுப்பில் உயர்கல்வியில் சேர்வோர் விகிதம் தமிழ்நாட்டில் 47 சதவீதம், நாடு முழுவதற்கும் 28.4. இது பெருமைப்பட வேண்டிய எண். பிள்ளைகள் வந்து சேர்ந்துவிட்டார்கள். வந்தவர்களுக்கு உள்ளே என்ன வைத்திருக்கிறோம் என்பதுதான் கேள்வி.

காலேஜ் எதைத் தரவேண்டும் என்று கேட்டீர்கள். எங்கள் ஆய்வகத்தில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். முதல் பருவத்தில், பிளஸ் ஒன்னில் செய்த தனி ஊசல் சோதனையையே மறுபடி செய்யச் சொல்வேன். நூலில் குண்டைக் கட்டி ஆடவிட்டு, நேரத்தை அளந்து, புவியீர்ப்பு முடுக்கத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். ரெக்கார்டு நோட்டைத் திறந்தால் எல்லோருக்கும் 981 (செ.மீ./வினாடி²) என்று வந்திருக்கும், சிலருக்கு 980.6. புத்தகத்தில் 981 என்று இருப்பதால் விடையை முதலில் எழுதிவிட்டு, அதற்கேற்ற நேரத்தைப் பின்னால் நிரப்புகிறார்கள். பள்ளியிலிருந்தே பழகி வந்தது அது. அகமதிப்பெண்ணுக்கு ரெக்கார்டு சுத்தமாக இருந்தால் போதும், யாரும் கேட்பதில்லை.

ஒரு வகுப்பில் ஒரு பெண்ணின் நோட்டில் மட்டும் 959 என்று இருந்தது. ரப்பரை எடுத்து அழிக்கப் போனாள். அழிக்காதே, ஏன் வந்தது என்று தேடு என்றேன். நேரத்தை மறுபடி அளந்தாள், அதே நேரம். நூலின் நீளம் 49 செ.மீ. எதிலிருந்து எதுவரை அளந்தாய் என்று கேட்டேன். மேல் முடிச்சிலிருந்து குண்டின் கொக்கி வரை அளந்திருக்கிறாள். குண்டின் மையம் வரை அளக்க வேண்டும். உடனே வெர்னியரை எடுத்துக் குண்டின் விட்டத்தை அளந்தாள், 2 செ.மீ. அதில் பாதியைச் சேர்த்தால் நீளம் 50. மறுபடி கணக்குப் போட்டால் 978-ஐ ஒட்டி வருகிறது. அவள் முகம் மறுபடியும் வாடிவிட்டது. 981 வரவில்லையே சார் என்றாள்.

புவியீர்ப்பு முடுக்கம் உலகமெங்கும் ஒன்றில்லை. பூமி சுழல்வதாலும் நடுவில் சற்றுப் புடைத்திருப்பதாலும் நிலநடுக்கோட்டுப் பக்கம் அது குறைவு, துருவத்தின் பக்கம் கூடுதல். மதுரை கிட்டத்தட்ட 10 டிகிரி வடக்கு அட்சரேகையில் இருக்கிறது. இங்கே அது 978 தான். நூலையும் கடிகாரத்தையும் வைத்து அவ்வளவு நுட்பமாக நிரூபித்துவிட்டோம் என்று சொல்ல முடியாது, எங்கள் அளவீட்டில் பிழை அதற்கு மேல் இருக்கும். ஆனால் ரெக்கார்டு முழுக்க 981 என்று எழுதியவர்கள் யாருமே மதுரையை அளக்கவில்லை என்பது அன்றைக்கு வகுப்புக்கே தெரிந்துபோனது. அதன் பிறகு அந்த வகுப்பில் யாரும் விடையை முதலில் எழுதவில்லை.

கல்லூரி தரவேண்டியது இதுதான் என்று நான் நம்புகிறேன். புத்தகம் ஒன்று சொல்கிறது, என் கை வேறொன்றைக் காட்டுகிறது, யார் சரி என்று தேடிப் போகும் துணிவு. அந்தத் துணிவு வந்த பிள்ளை கணக்குப் பதிவேட்டைப் பார்த்தாலும், டாக்டர் எழுதிய சீட்டைப் பார்த்தாலும், கட்சிக்காரர் பேச்சைக் கேட்டாலும் ஒரு கேள்வி கேட்கும். இப்போது சாட்ஜிபிடியிடம் கேட்டால் எந்தச் சோதனைக்கும் ரெக்கார்டு நொடியில் வந்துவிடுகிறது, 981 உட்பட. விடை கிடைப்பது எளிதாக எளிதாக, அதைச் சரிபார்க்கத் தெரிந்த ஆளின் தேவை கூடிக்கொண்டே போகிறது. உங்கள் பட்டறையில் அந்தப் பையனிடம் நீங்கள் எதிர்பார்த்ததும் அதைத்தான்.

இது நடக்க ஆசிரியருக்கு நேரம் வேண்டும். தடையே அங்கேதான். அரசுக் கல்லூரிகளில் நிரந்தரப் பணியிடங்கள் காலியாகக் கிடக்க, என்னைப் போன்றவர்களை வைத்துத்தான் வகுப்புகள் ஓடுகின்றன. மாதம் 25,000 ரூபாய், ஆண்டுக்கு 11 மாதம். பல்கலைக்கழக மானியக் குழு 2019-இலேயே மாதம் 50,000 வரை தரலாம் என்று சொல்லியிருக்கிறது. விரிவுரையாளர் தகுதித் தேர்வுகளான நெட், செட், அதோடு பிஎச்.டி. முடித்தவர்கள் மாலையில் டியூஷன் எடுத்துக் குடும்பத்தை ஓட்டுகிறார்கள். ஆய்வகத்தில் ஒரு பிள்ளையின் பக்கத்தில் அரைமணி நேரம் நின்று, எதுவரை அளந்தாய் என்று கேட்க வேண்டிய ஆள் அடுத்த டியூஷனுக்கு பஸ் பிடிக்க ஓடினால், ரெக்கார்டில் 981 தான் வரும். உங்களிடம் வந்த பையனின் நாலு வருஷம் எங்கே போயிற்று என்று கேட்டீர்களே, அதில் பெரும்பகுதி இங்கேதான் போயிற்று அண்ணே. கட்டடம் கட்டக் காசு இருக்கிறது, கல்லூரிக்குத் தரம் போடும் நாக் குழு வரும்போது வண்ணம் அடிக்கக் காசு இருக்கிறது, ஆளுக்கொரு வெர்னியர் வாங்கவும் ஆசிரியரை நிரந்தரமாக்கவும் மட்டும் வருவதில்லை.

உசிலம்பட்டித் தங்கை சொன்னதை நான் மறுக்க மாட்டேன். கூரை மாறுவது சின்ன விஷயமில்லை. பசியோடு இருக்கும் வீட்டில் போய் அறிவுக்காகப் படி என்று சொல்ல எனக்கு உரிமை கிடையாது. ஆனால் துருவல் ஏன் சுருள்கிறது என்று கேட்கும் பிள்ளை எங்களுக்கு அடிக்கடி கிடைப்பதில்லை. அந்தக் கேள்வியை அணைத்துவிட்டு ஒரு சீட்டில் உட்கார வைப்பதும் நஷ்டம்தான். அந்த நஷ்டம் யார் கணக்கிலும் ஏறாது.

---

கப்பலூர் பட்டறை எழுதியது:

சார், உங்க பதிவை மகளுக்கு வாசிச்சுக் காட்டினேன். வாங்கி அவளே ரெண்டு தடவை படிச்சா. 978 எப்படி வருதுன்னு நோட்டுல கணக்குப் போட்டுக்கிட்டிருக்கா.

தங்கச்சி, நீ சொன்ன முதல் பட்டதாரி சலுகை விஷயம் எனக்குத் தெரியவே தெரியாது. நாளைக்கே சான்றிதழுக்குப் போடுறேன். வீட்டுக்கு வந்தவங்ககிட்ட இன்னும் எதுவும் கொடுக்கலை. ஆனா தினமும் போன் வருது, ரெண்டு நாள்ல சொல்லலைன்னா சீட்டு போயிரும்னு நெருக்குறாங்க.

இன்னும் ரெண்டு சந்தேகம். கடன் வாங்கினா வட்டி எப்போ ஓட ஆரம்பிக்கும்? அவங்க நாலு வருஷம் ஒண்ணும் கட்ட வேணாம்னுதான் சொல்றாங்க, வட்டியைப் பத்திப் பேச்சே எடுக்கலை. அடுத்தது, இயற்பியல்ல சேர்த்துட்டு மூணு வருஷம் கழிச்சு மனசு மாறினா வேற பக்கம் போக வழி இருக்கா, இல்லை வாத்தியார் வேலை ஒண்ணுதானா?

---

செல்லூர்க்காரர், வங்கியில் பணியாற்றி ஓய்வு எழுதியது:

தம்பி, கடன் பற்றிய கேள்விக்கு நான் பதில் சொல்கிறேன். பல வருஷம் கல்விக் கடன் மேஜையில் உட்கார்ந்தவன்.

நாலு லட்சம் வரை சொத்து அடமானம் கேட்கக் கூடாது. பெற்றோர் இணைக் கடன்தாரராகக் கையெழுத்துப் போட்டால் போதும். படிப்பு முடிந்து ஓராண்டு வரை தவணை கட்ட வேண்டியதில்லை. ஆனால் வட்டி பணம் கொடுத்த நாளிலிருந்தே ஓடும். நாலு வருஷம் ஒன்றும் கட்ட வேண்டாம் என்று உன்னிடம் சொன்னவர் இந்தப் பாதியை விட்டுவிட்டார். படிப்பு முடியும்போது அசலுக்கு மேல் ஒரு தொகை சேர்ந்து நிற்கும், அதைப் பார்த்து அதிர்ந்துபோன அப்பாக்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். குடும்ப ஆண்டு வருமானம் நாலரை லட்சத்துக்குள் இருந்தால், தொழிற்படிப்புகளுக்கு அந்தக் கால வட்டியை மத்திய அரசு ஏற்கும் திட்டம் இருக்கிறது. உனக்குப் பொருந்துமா என்று உன் கணக்கு இருக்கும் கிளையில் நேராகப் போய்க் கேள், நடுவில் ஆள் வேண்டாம். மேனேஜ்மென்ட் கோட்டாவில் அவர்கள் கேட்கும் தொகை முழுவதையும் வங்கி கட்டணமாக ஏற்காது. ரசீது இல்லாத பணத்துக்குக் கடனே கிடையாது. நன்கொடை என்ற பெயரில் வாங்குவது 1992 முதல் தமிழ்நாட்டில் சட்டப்படி தடை செய்யப்பட்டது. ஒரிஜினல் சான்றிதழை எந்தக் கல்லூரியும் பிடித்து வைத்துக்கொள்ளக் கூடாது என்று மானியக் குழு 2018-இல் தெளிவாக உத்தரவிட்டிருக்கிறது. சரிபார்த்துவிட்டுத் திருப்பித் தர வேண்டும். ஒருமுறை கையை விட்டுப் போய்விட்டால் வேறு இடத்தில் சேரவே முடியாமல் அலைய விடுவார்கள், கொடுக்காதே.

படிப்பு எதற்கு என்பதற்கும் ஒரு வார்த்தை சொல்லிக்கொள்கிறேன். எங்கள் அப்பா செல்லூரில் தறி நெய்தவர். நான் பி.யு.சி. (அந்தக் காலப் புகுமுக வகுப்பு) முடித்து வங்கியில் எழுத்தராகச் சேர்ந்தேன். 1966-இல் மதுரைக்கென்று பல்கலைக்கழகம் வந்து, 1971-இல் அஞ்சல்வழிக் கல்வியும் தொடங்கியதால், தபாலில் வந்த பாடக்கட்டைப் படித்துப் பொருளாதாரத்தில் பட்டம் வாங்கினேன். அந்தப் பட்டத்தால் பதவி உயர்வு கிடைத்தது உண்மை. அதைவிட, பஞ்சு விலையும் நூல் விலையும் ஏறினால் எங்கள் தெருவில் ஏன் தறி நிற்கிறது என்பது அப்போதுதான் எனக்கு விளங்கியது.

என் அக்கா என்னைவிடக் கெட்டிக்காரி. 1965-இல் மீனாட்சி அரசு மகளிர் கல்லூரி வந்துவிட்டது. அதற்கு முன்பே லேடி டோக்கும் பாத்திமாவும் இருந்தன. செல்லூரிலிருந்து மீனாட்சி கல்லூரிக்கு நடந்தே போய்விடலாம். அப்பா அனுப்பவில்லை. அக்கா வீட்டில் தறிக்கு நூல் தார் சுற்றினாள். இன்றைக்கும் பேப்பரில் குறுக்கெழுத்து, கணக்குப் புதிர் எது வந்தாலும் பேரப்பிள்ளைகளுக்கு முன்னால் அவள் முடித்துவிடுவாள். அந்த மூளைக்கு என்ன படிப்பு கொடுத்திருக்கலாம் என்று நினைக்கும்போதெல்லாம் எனக்கு ஆறவே ஆறாது. உன் மகள் இன்னதுதான் வேண்டும் என்று வாய் திறந்து கேட்கிறாள். நான் வாத்தியார் பக்கம்.

---

உசிலம்பட்டிக்காரி, இப்போ சிறுசேரி எழுதியது:

வாத்தியார் சார், 959-ஐ அழிக்க வேண்டாம்னு ஒரே ஒருத்தர் சொல்லியிருந்தா நானும் வேற மாதிரி படிச்சிருப்பேனோன்னு தோணுது. எங்க லேப்ல எல்லா ரீடிங்கும் சீனியர் நோட்டுலருந்து வந்ததுதான். இப்போ டெஸ்டிங்ல தினமும் அதுதான் என் வேலை, காட்டுற விடை சரியான்னு தோண்டிப் பார்க்குறது. அதை ஆபீஸ்லதான் கத்துக்கிட்டேன்.

ஆனாலும் என் ஓட்டை முழுசா மாத்திக்கலை. நீங்க சொல்ற மாதிரி ஒரு வாத்தியார் அந்தத் துறையில இருந்தா இயற்பியல். இல்லைன்னா மூணு வருஷம் ரெக்கார்டு காப்பி அடிச்சுட்டு வேலையும் இல்லாம நிக்கணும். அதை எப்படி முன்னாடியே தெரிஞ்சுக்குறது?

---

இயற்பியல் வாத்தியார் எழுதியது:

நல்ல கேள்வி தங்கச்சி. அண்ணே, உங்கள் இரண்டாவது சந்தேகத்துக்கும் சேர்த்தே எழுதுகிறேன்.

கல்லூரியை விசாரிக்கும்போது முதல்வர் அறையோடு திரும்பிவிடாதீர்கள். ஒரு வேலைநாள் பிற்பகலில் மகளையும் கூட்டிக்கொண்டு நேரே துறைக்குப் போங்கள். ஆய்வகம் திறந்திருக்கிறதா, பிள்ளைகள் கருவியைத் தொடுகிறார்களா என்று பாருங்கள். கருவி மேல் தூசி இருந்தால் உங்கள் கண்ணுக்கே தெரியும், அது உங்கள் தொழில். மூன்றாம் ஆண்டுப் பிள்ளைகளிடம், எந்த வாத்தியாரிடம் சந்தேகம் கேட்கலாம் என்று கேளுங்கள். இரண்டு பெயராவது தயங்காமல் சொன்னால் அந்தத் துறை உயிரோடு இருக்கிறது. நூலகத்தில் புத்தகத்தை வீட்டுக்குக் கொடுக்கிறார்களா என்பதையும் கேளுங்கள், பூட்டிய கண்ணாடி அலமாரியைக் காட்டினால் யோசியுங்கள்.

வழிகள் பற்றி. பி.எஸ்சி. இயற்பியலோடு கதவு மூடுவதில்லை. கம்ப்யூட்டர் பக்கம் போக நினைத்தால் எம்.சி.ஏ. இப்போது இரண்டே ஆண்டு, டான்செட் நுழைவுத் தேர்வு எழுதிச் சேரலாம். பி.எஸ்சி. முடித்தவர்கள் லேட்டரல் என்ட்ரியில் நேரடியாக இரண்டாம் ஆண்டு பி.இ. சேரவும் தமிழ்நாட்டில் வழி இருக்கிறது, அவள் பிளஸ் டூவில் கணக்குப் படித்தது அதற்கு உதவும். எம்.எஸ்சி.க்கு ஐ.ஐ.டி.கள் நடத்தும் ஜாம் தேர்வு இருக்கிறது. மருத்துவ இயற்பியல் படித்தால் புற்றுநோய்க் கதிர்வீச்சுச் சிகிச்சைப் பிரிவுகளில் வேலை உண்டு. எம்.எஸ்சி.க்குப் பிறகு பாபா அணு ஆராய்ச்சி மையத்தின் பயிற்சிப் பள்ளிக்குப் போட்டி போடலாம். எதுவும் தானாக நடந்துவிடாது, ஒவ்வொன்றுக்கும் உழைக்க வேண்டும். ஆனால் மாமா சொல்வதுபோல் பி.எட். மட்டும்தான் என்பது சரியில்லை.

இப்போதைக்கு எதையும் தேர்ந்தெடுக்க வேண்டாம். இன்ஜினியரிங் கவுன்சிலிங்குக்கும் போடுங்கள், அரசு கலைக் கல்லூரிகளுக்கான இணைய விண்ணப்பத்தையும் போடுங்கள். நகரத்தின் உதவிபெறும் கல்லூரிகளுக்குத் தனித்தனியாக விண்ணப்பிக்க வேண்டும், அதில் சுயநிதிப் பிரிவு, உதவிபெறும் பிரிவு என்று இரண்டு இருக்கும், கட்டணம் வேறு வேறு, எதில் சேர்க்கிறார்கள் என்று கேட்டுக்கொள்ளுங்கள். எல்லாம் கைக்கு வந்த பிறகு அவள் முடிவு செய்யட்டும். ரெண்டு நாளில் சொல்லுங்கள் என்று நெருக்குகிறவரிடம், கவுன்சிலிங் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்று மட்டும் சொல்லுங்கள்.

எந்தப் பக்கம் போனாலும் முதல் பருவத்தில் பிள்ளைகளை அடித்துப் போடுவது கணக்குதான். வகையீடு, தொகையீடு, வெக்டார் மூன்றையும் இந்த லீவிலேயே ஒருமுறை போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். பிளஸ் டூ கணக்குப் புத்தகத்தை எடைக்குப் போட்டுவிட வேண்டாம்.